இலுப்பையடிச் சுமைதாங்கி

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. தமிழுக்கு ஆடி பத்தொன்பது. முந்தின நாள் பதினெட்டாம் பெருக்கு. எங்கள் பக்கம் பெருகுவதற்கு ஆறு கிடையாது. பேரையூர் வட்டாரமே மானாவாரிக் காடுதான். ஆனாலும் பெருக்கன்று கண்மாய்க் கரையில் காப்பரிசி வைத்துக் கும்பிடுவார்கள். மிஞ்சின காப்பரிசியைத்தான் மறுநாள் காலையில் தின்றேன். அதனால் இந்தத் தேதி எனக்குத் தப்பவில்லை.

அன்றைய வேலைகள் இவை. இருட்டு பிரியும்போது அத்தை வாசல் தெளித்தாள். அய்யா ஏர்மாட்டை அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குப் போனார். சின்னாத்தா தொழுவத்தைக் கூட்டி அள்ளினாள். நான் கோழிக் கூட்டைத் திறந்துவிட்டு, முந்தின நாள் கூழ்ப்பானையைக் கழுவி வைத்தேன். பிறகு நானும் சின்னாத்தாவும் குப்பை சுமக்கக் கிளம்பினோம். ஆடிப் பட்டத்தில் விதைக்க வேண்டுமானால் அதற்கு முன் ஒரு வருஷத்துச் சாணிக் குப்பை குழியிலிருந்து காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்களிடம் வண்டி இருந்தது. அந்த நாட்களில் அய்யா அதை வாடகைக்கு அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டுக் குப்பை பெண்பிள்ளைகள் தலையில் போகும்.

அய்யா என் தகப்பனார். அத்தை அவருடைய அக்காள். புருஷனை இழந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். சின்னாத்தா அய்யாவின் இரண்டாம் மனைவி. அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. வயிற்றில் ஐந்து மாதம். எனக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்தது. என்னைப் பெற்ற ஆத்தா அதற்கு மூன்று வருஷம் முன்பு, நிறைமாதத்தில், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள்.

நான் பதினேழாவது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள். இந்த நாள் அதில் இல்லை. ஆகவே கண்டதைக் கண்டதாகவும், பிறகு கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நீங்களும் இப்படி ஒரு கல்லைக் கடந்து நடந்திருப்பீர்கள்.

கல் என்றது சுமைதாங்கியை. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் சுமையை இறக்காமல் போனவள். அவளுக்காக நடைவழியில் இரண்டு கல்தூண் நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போடுவார்கள். பெரிய ஆள் கழுத்தளவு உயரம். தலைச்சுமையோடு தனியே வருகிறவள் யாரையும் எதிர்பார்க்காமல் அதன்மேல் சுமையைத் தள்ளி வைத்து மூச்சு வாங்கலாம். பிறகு குனியாமலே தலையைக் கொடுத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

ஆத்தாவுக்கான கல்லை அய்யா எங்கள் காட்டுக்குப் போகும் பாதையில், இலுப்பை மரத்தடியில் நட்டார். தூண்களைக் கல்லுடைக்கிறவர்களிடம் வாங்கினார். மேல்கல்லுக்குக் கண்மாய்க் கரையில் இடிந்து கிடந்த மண்டபத்திலிருந்து ஒரு கல்லை வண்டியில் ஏற்றி வந்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க எழுத்து. எழுத்தின்மேல் சுமை வைத்தால் பாவம் என்று அந்தப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டார். அதனால் பெரியவர்களுக்கு அது வெறும் கல். அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். சின்னாத்தா கூடையை இறக்கி மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் கீழே நின்று அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆத்தா பேர்தான் அதில் இருக்கிறது, செத்தவர்கள் பேரை வேறு எழுத்தில்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆத்தாவைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டது கிடையாது.

சின்னாத்தாவுக்கு அந்தக் கல்மேல் கோபம் ஒன்றும் இல்லை. மூத்தவளுடைய கல் என்று இளையவள் ஒதுங்குவாள் என ஊரார் எதிர்பார்த்தார்கள். அவள் ஒதுங்கவில்லை. கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"இந்த வீட்ல என் சொமைய எறக்கி வாங்குற ஒரே ஆளு உங்க ஆத்தாதான்டி."

அந்த ஆடிக்கு முந்தின தையில் அவளுக்கு ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. மறுபடி கரு நின்றதும், ஆனி மாதம், அத்தை அவளைப் பக்கத்து ஊர்க் கோடாங்கியிடம் கூட்டிப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். கோடாங்கி உடுக்கை அடித்துப் பார்த்துவிட்டு, முந்தினவள் வழியில் நிற்கிறாள் என்றான். வருகிறவர் போகிறவர் சுமையெல்லாம் வாங்குகிறாளே, வாங்கின சுமையை அவள் எங்கே கொண்டுபோய் இறக்குவாள், பின்னால் வந்தவள் வயிற்றில்தான் என்றான். உடுக்கைச் சத்தத்தைவிட அந்தக் கேள்விதான் அத்தையைக் கலக்கியது. கல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டாள். நட்ட கையும் நட்டவன் வம்சத்துக் கையும் கல்லில் படக் கூடாது, பட்டால் விதை தங்காது என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் சின்னாத்தா எங்களுக்குப் பின்னால் தள்ளி வந்துகொண்டிருந்தாள். அத்தை தனக்குள் பேசுகிற மாதிரி, "நம்ம கை படாமப் போகணும்" என்றாள். அன்று இரவு அய்யாவிடமும் அதையே சொல்லியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அய்யா இலுப்பை மரத்துப் பாதையை விட்டுவிட்டு, மாட்டை ஓடை வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்.

ஆடி பிறந்து சில நாட்கள் கழித்துத்தான் ஆபீசர் வந்தார்.

அவர் வெள்ளைக்காரர் அல்ல. வடக்கே எந்த ஊர்க்காரரோ, நம்மவர்தான். அரைக்கால் சட்டை, வெயிலுக்குத் தொப்பி, கூட ஒரு சிப்பந்தி, ஒரு மாட்டு வண்டி. சாவடியில் தங்கினார். பழைய கல்லும் பழைய மரமும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவது அவர் வேலை. இதை அவர் வந்த அன்றே தெளிவாகச் சொன்னார். ஊர் நம்பவில்லை. சர்க்கார் ஆள் ஒருவன் நாடாவை எடுத்து மரத்தைச் சுற்றி அளக்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: மரத்துக்கு வரி வரப்போகிறது.

கண்மாய்க் கரைப் புளியமரத்தை அவர் அளந்தபோது மரத்துக்குச் சொந்தக்காரரே பக்கத்தில் நின்றார். யார் மரம் என்று கேட்டதற்கு, "யாரு வச்சதோ எசமான். அது பாட்டுக்கு நிக்கிது" என்றார். அந்த மரத்துக் காய்க்காக அவர் தன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலம் அது. ஊர்ப் பொதுவில் நின்ற ஆலமரத்தின் விழுதுகளில் வைக்கோல் பொட்டலங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மாடு கன்று போட்டதும் பின்னால் விழுகிற இளங்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால்மரத்தில் கட்டுவது வழக்கம், மடி வற்றாது. ஆபீசர் அவை என்ன என்று கேட்டார். எங்கே மாட்டையும் எண்ணிவிடுவாரோ என்று ஒரு இளவட்டம் முந்திக்கொண்டு, "குருவிக்கூடு எசமான்" என்றான். "இம்புட்டுப் பெருசா?" என்று இன்னொருவன் அவன் காதுக்குள் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஆபீசர் சிரித்தார். தங்கள் ஊரிலும் அந்தக் குருவி உண்டு, கறக்கிற குருவி என்றார். அந்த ஒரு நிமிஷம் ஊரும் அவரும் சேர்ந்து சிரித்தார்கள். அதன் பிறகும் யாரும் அவரிடம் உண்மை பேசவில்லை.

மேற்கே தாழிக்காடு என்று ஒரு பொட்டல். மழை அரித்த இடங்களில் பெரிய பெரிய தாழிகளின் வாய் வட்டமாகத் தெரியும். சாகாமல் சுருங்கிப்போன அந்தக் காலத்துக் கிழடுகளை உள்ளே உட்கார வைத்து, விளக்கும் சோறும் கொடுத்துப் புதைத்தார்கள் என்று கதை. அங்கே உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓடுகள் கிடக்கும். தேய்த்து வட்டமாக்கினால் பாண்டி விளையாட அதைவிட நல்ல சில்லு கிடையாது. வழவழப்பாக இருக்கும், எறிந்தால் துள்ளாது, விழுந்த கட்டத்தில் நிற்கும். என் சில்லில் ஏணி மாதிரி ஒரு கீறல் இருந்தது. அதனாலேயே நான் ஜெயிக்கிறேன் என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள். ஆபீசர் நாங்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் சில்லைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் மிட்டாய் கரைந்துவிட்டது. தாழிக்காடு மணியகாரருடைய பட்டா நிலத்தில் இருந்தது. அவரும், "காட்டுல கெடக்கு எசமான். யாரு பொதச்சதோ" என்றுதான் சொன்னார்.

இப்படி அந்த ஒரு வாரத்தில் ஊருக்கு ஒரு பாடம் மனப்பாடமாகிவிட்டது. அவர் எதைச் சுட்டிக் காட்டினாலும் அது யாருடையதும் அல்ல.

இனி அந்தத் திங்கட்கிழமை.

இரண்டாம் நடைக்கு நாங்கள் இலுப்பை மரத்தை நெருங்கியபோது ஆபீசர் சிப்பந்தியோடு மரத்தை அளந்துகொண்டிருந்தார். ஆடியில் இலுப்பைப் பழம் உதிரும். வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் அடியில் கிடந்து புளித்த வாடை அடிக்கும். அந்த வாடையில் எறும்பும் ஈயுமாக இருக்கும். அக்கம்பக்கத்தில் வேறு இலுப்பை கிடையாது. அந்த ஒரு மரம்தான். சின்னாத்தா அவரைக் கண்டதும் கூடையை இறக்காமலே காட்டுக்குப் போய்விட்டாள். நான் நின்றேன். என் சில்லைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அளந்து முடித்ததும் அவர் நிழலில், சுமைதாங்கித் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். விசிறுவது நின்றது. சிப்பந்தியிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, மண்டியிட்டு, கல்லின் அடிப்பக்கத்தைக் கையாலேயே கழுவினார். வண்டலும் சிலந்திக்கூடும் போய் எழுத்து கறுப்பாகத் தெளிந்தது.

"பாப்பா, இந்தக் கல்லை யார் வைத்தது?"

"எங்க அய்யா. இது எங்க ஆத்தா கல்லு."

"ஆத்தா எங்கே?"

"செத்துப் போச்சு. அதுல எங்க ஆத்தா பேரு போட்ருக்கு."

அவர் கொஞ்சநேரம் எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதில் உங்கள் ஆத்தா பேர் இல்லையம்மா" என்றார். சொன்ன விதத்தில் கேலி கிடையாது. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பிறகு அய்யாவையும் மணியகாரரையும் அழைத்துவர ஆள் அனுப்பினார்.

அவர்கள் வருவதற்குள் படி எடுத்தார்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, மயிர்க் கட்டையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றினார்கள். தாள் கறுப்பாகி எழுத்து மட்டும் வெள்ளையாக வந்தது. முதல் தாள் கிழிந்துபோனது. கிழிந்ததை ஆபீசர் எனக்குக் கொடுத்தார். ஈரம் காயட்டும் என்று அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடியே நின்றேன்.

அய்யா வந்தார், பின்னாலேயே அத்தையும் வந்தாள். மணியகாரர் குடையோடு வந்தார். கல் நட்ட அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டவர் அவர். ஆபீசர் கல்லில் இருப்பதை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொன்னார். பழைய பாண்டியர் காலத்து எழுத்து. யாரோ ஒருவர் கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுக்க ஒரு இலுப்பைத் தோப்பை எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தோப்பையும் தர்மத்தையும் காப்பாற்றுகிறவன் கால் தன் தலைமேல் இருக்கட்டும் என்று கடைசியில் வெட்டியிருக்கிறது. ஆபீசருக்குப் பேச்சே தடுமாறியது. அந்தத் தோப்பில் மிஞ்சினதுதான் இந்த மரமாக இருக்கும், கல்லும் மரமும் ஒரே இடத்தில் நிற்பதைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். மணியகாரர் மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதன் பிறகு ஆபீசர் கேட்டார். இந்தக் கல் ஒருவருக்கு உரிமைப்பட்டதா, வழிபாட்டில் இருக்கிறதா, யார் பேரிலாவது நட்டதா என்று தனித்தனியாகக் கேட்டார். அப்படி எதுவும் இருந்தால் படி மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை இங்கேயே விட்டுப் போய்விடுவதாகவும், கேட்க ஆளில்லாத கல்லானால் மதுரைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கலாம் என்றும் சொன்னார். அவர் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மணியகாரர் அய்யாவைப் பார்த்தார். அத்தை அய்யாவைப் பார்த்தாள்.

"யாரு வச்சதோ எசமான்" என்றார் அய்யா.

"இந்தப் பிள்ளை தன் தாயார் கல் என்கிறதே?"

அய்யா என் பக்கம் திரும்பவில்லை. "அது தாயில்லாப் பிள்ள எசமான். எந்தக் கல்லப் பாத்தாலும் ஆத்தாங்கும்."

மணியகாரர் தலையை ஆட்டினார். அத்தை, பாவம் பிள்ளை என்கிற மாதிரி என் தலையைத் தடவினாள். அவள் கை என் தலையில் அப்படிப் பட்டது அன்று ஒருநாள்தான்.

அப்போதுதான் சின்னாத்தா அடுத்த கூடையோடு வந்தாள். எதுவரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தாளோ தெரியாது. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அவள் நிற்கிறவள் அல்ல, ஒதுங்கிப் போவாள். அன்று ஒதுங்கவில்லை. நேராக நடுவில் வந்து, வழக்கம்போல் பின்வாங்கி, குப்பைக் கூடையைக் கல்லின்மேல் தள்ளி வைத்தாள். சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எறக்குடி அத" என்றாள் அத்தை.

"கனக்குது மயினி. எப்பவும் இங்கனதான எறக்குறது."

சொல்லக்கூடியது அவ்வளவுதான் அவளுக்கு இருந்தது. ஆபீசர் அய்யாவைப் பார்த்தார். அய்யா சிரித்தார். "போறவுக வாரவுக எதுலயும்தான் எறக்குவாக எசமான். வரப்புலகூட எறக்குவாக."

ஆபீசர் சின்னாத்தாவைப் பார்த்து, இனிமேல் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, இது பெரிய கல் என்றார். சிப்பந்தி கூடையைத் தூக்கிக் கீழே வைத்தான்.

கல்லை இறக்க ஆறேழு பேர் வந்தார்கள். கயிறு போட்டு, கடப்பாரையால் நெம்பி, தூணிலிருந்து நகர்த்தி வண்டிக்கு இறக்கும்போது ஒரு முனை வழுக்கியது. பிடிங்க பிடிங்க என்று கத்தினார்கள். பக்கத்தில் நின்ற எல்லோரும் கை கொடுத்தார்கள். ஆபீசரே பாய்ந்து பிடித்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். அய்யா எல்லோரையும்விட அருகில் நின்றார். அவர் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தது. கோத்தது கோத்தபடியே இருந்தது. ஆபீசர் அதை மரியாதை என்று நினைத்திருக்கலாம். நட்ட கை படக் கூடாது என்று கோடாங்கி சொன்னது எனக்குத் தெரியும்.

கல்லை வைக்கோல்மேல் படுக்க வைத்துக் கம்பளி போர்த்தி, வெயில் தாழ வண்டியைக் கட்டினார்கள். இரண்டு தூணும் நின்றன. அவற்றில் எழுத்து இல்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில் தம்பி பிறந்தான். நல்ல கனமான பிள்ளை. கோடாங்கிக்கு வேட்டி துண்டு போயிற்று. அய்யா தாம் செய்தது சரி என்பதற்குக் கடைசிவரை தம்பியையே காட்டினார். தம்பியும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தான். தனக்காக ஒரு கல் விலகிப் போனது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவன் என்மேல் பிரியமானவன். அவனிடம் நான் இதை வாதாடியது கிடையாது.

மரத்தை ஊர் எட்டு வருஷம்கூட விட்டுவைக்கவில்லை. யுத்தக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடின. கரி மூட்டத்துக்கு மரம் தேடி வந்தவர்களுக்கு அய்யா இலுப்பையைக் காட்டினார். அப்போது மட்டும் அது யார் மரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக்காக மதுரைக்குப் போனது அப்படி ஒரு கரி பஸ்ஸில்தான். பின்னால் கொதிகலன் புகைய, ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். எங்கள் மரம் அதில் எரிந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

கல்லை மதுரையில் கண்டுபிடித்தேன். ஓர் அலுவலகத்தின் பின்கட்டில், தகரக் கொட்டகையின் கீழ், வேறு கற்களோடு தரையில் படுத்திருந்தது. எழுத்து மேலே பார்த்து இருந்தது. இப்போது எல்லோரும் படிக்கலாம். தொடக் கூடாது என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். நான் தோளில் மாட்டியிருந்த புத்தகப் பையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். காவலாள் எங்கிருந்தோ ஓடி வந்தான்.

"படிச்சவுக மாதிரி இருக்கீக. பழைய கல்லு மேல பைய வைக்கலாமாத்தா?"

எடுத்துக்கொண்டேன். அவன் செய்ததிலும் குறை இல்லை. இந்த விஷயத்தில் யாரிடம் போனாலும் குறை சொல்ல முடியாதபடிதான் இருக்கிறது. கல்லைப் பத்திரப்படுத்தியவருக்கு அதன் காலம் தெரியும், எழுத்து தெரியும், எவ்வளவு எண்ணெய்க்காகத் தோப்பு விடப்பட்டது என்பதும் தெரியும். அதற்கு முந்தின மூன்று வருஷம் அது என்னவாக இருந்தது என்பதை அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர். மூவரும் சொல்லவில்லை. சொன்ன ஒருத்தியின் உயரம் போதவில்லை.

ஆத்தாவின் பேரை நான் தெரிந்துகொண்டது பதினாறாவது வயதில், ஆத்தாவின் தம்பி சொல்லி. அய்யாவிடம் அதற்கு முன்பும் பின்பும் கேட்கவில்லை.

தேதி போட்டுத் தொடங்கியதால் அந்த நாளை முடித்துவிட வேண்டும். சாயங்காலம் நான் அந்தக் கிழிந்த தாளை மடித்து அடுக்குப்பானை இடுக்கில் சொருகி வைத்தேன். அத்தை அடுப்புப் பற்ற வைக்க அதை எடுத்தாள். வேண்டுமென்று செய்தாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு அது காய்ந்த தாள். வெள்ளை எழுத்து கொஞ்சநேரம் கறுப்புச் சாம்பலிலும் தெரிந்தது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு அய்யா வழக்கத்தைவிடப் பேசினார். மழை வரும் என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மழை வரவில்லை. வாசல் தெளித்ததும் முதல் வேலையாகச் சின்னாத்தாவும் நானும் குப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். முதல் நடை என்பதால் அவள் கூடையை நிறைத்து மிதித்திருந்தாள். இலுப்பையடிக்கு வந்ததும் அவள் கால் தானாக நின்றது. வழக்கம்போல் திரும்பிப் பின்வாங்கி, இரண்டு தூணுக்கும் நடுவில் கூடையைத் தள்ளினாள். தாங்க ஒன்றும் இல்லை. கூடை சரியப் போனதை இரண்டு கையாலும் இழுத்துத் தலையில் நிறுத்திக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

பாதையில் இரண்டு பக்கமும் பார்த்தோம். யாரும் வரவில்லை. நான் என் சின்னக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன். கூடையின் அடி என் விரல் நுனிக்குப் பட்டது, பிடிக்க எட்டவில்லை.

"இருடி" என்றாள்.

ஒரு தூணில் முதுகைக் கொடுத்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுமையோடு மெல்ல மெல்ல முழங்காலை மடித்து இறங்கினாள். என் உயரத்துக்கு வந்ததும் நான் கூடையைப் பிடித்துத் தரையில் சாய்த்தேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகம் துடைக்கச் சும்மாட்டை எடுக்கவில்லை.

ஏற்றிவிட ஆள் இல்லை. இரண்டு பேருமாகத் தூக்கிப் பார்த்தோம். என் பக்கம் எழும்பவில்லை. கடைசியில் அவள் கூடையைக் கவிழ்த்துப் பாதிக் குப்பையை அந்த இரண்டு தூணுக்கும் நடுவில் கொட்டினாள். மீதியை நான் தூக்கிவிட்டேன். காட்டுக்குப் போனோம்.